கார்ட் இருக்கு, ஆர்டர் இல்லை: சிவகாசி இணையக் கடைகளை வைத்து மின்வணிகம் படிப்பது

ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டு பட்டாசுக் கடைகள் தீபாவளி வியாபாரத்தைத் தொடங்கியதும், கூகுளில் 'சிவகாசி பட்டாசு விலைப்பட்டியல்' என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். பக்கம் பக்கமாகக் கடைகள் வரும். பெயர் மட்டும்தான் மாறும். மேலே ராக்கெட் படம், அதற்குக் கீழே 80 சதவீதம், 90 சதவீதம் தள்ளுபடி என்று ஓடுகிற பட்டை, அப்புறம் ஒரே பக்கத்தில் நீளமாக ஒரு அட்டவணை. கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம், பூச்சட்டி, லட்சுமி வெடி என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணிக்கை போட ஒரு கட்டம். போடப் போட அடியில் மொத்தத் தொகை கூடிக்கொண்டே வரும். எல்லாம் முடிந்து கடைசிப் பொத்தானுக்கு வந்தால் அதில் 'வாங்கு' என்று இருக்காது. 'விசாரணை அனுப்பு' என்றோ 'எஸ்டிமேட்' என்றோ இருக்கும்.

அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தியும் இருக்கும். சாரம் இதுதான்: 2018 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாது, நாங்கள் சட்டத்தை மதிக்கிறோம், நீங்கள் தேவையைக் குறித்து அனுப்புங்கள், நாங்கள் போனிலோ வாட்ஸ்அப்பிலோ பேசி உறுதி செய்கிறோம். எத்தனையோ கடைகளில் இந்தப் பத்தி கிட்டத்தட்ட எழுத்து மாறாமல், இலக்கணப் பிழைகூட மாறாமல், அப்படியே இருக்கிறது. யார் முதலில் எழுதினார்களோ தெரியாது. எல்லோரும் நகல் எடுத்துக்கொண்டார்கள்.

மின்வணிகத் தொழில்நுட்பம் கற்க விரும்புகிறவர்களுக்கு நம் மாவட்டத்தில் கிடைக்கிற மிகச் சிறந்த பாடப்புத்தகம் இந்தப் பொத்தானும் இந்தப் பத்தியும்தான் என்பது என் கட்சி. 'இப்படிச் செய்யுங்கள்' என்று காட்டுகிற புத்தகம் என்று சொல்ல மாட்டேன். எதை எடுத்தால் எது விழும் என்று காட்டுகிற புத்தகம்.

என்ன சொல்லித் தருகிறார்கள்

முதலில் நம் ஆட்கள் மின்வணிகத்தை எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று கல்லூரித் தாள். பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. எதை எடுத்தாலும் ஏதோ ஒரு பருவத்தில் 'மின்வணிகம்' என்று ஒரு தாள் வந்துவிடும். நிறுவனத்திலிருந்து நிறுவனம், நிறுவனத்திலிருந்து நுகர்வோர் என்று வகைப்பாடு, மின்னணுத் தரவுப் பரிமாற்றம், குறியாக்கம், டிஜிட்டல் கையொப்பம், பணம் செலுத்தும் முறைகள், நன்மைகள், தீமைகள். பல பாடத்திட்டங்களில் ரவி கலகோட்டாவும் ஆண்ட்ரூ வின்ஸ்டனும் எழுதிய 'ஃபிரன்டியர்ஸ் ஆஃப் எலெக்ட்ரானிக் காமர்ஸ்' பார்வை நூலாக இருக்கும். 1996ல் வந்த புத்தகம் அது. அப்போது கூகுள் நிறுவனமே இல்லை. பழசு என்பதற்காக அதைக் குறை சொல்ல மாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது வழி யூடியூப். 'ஒரே நாளில் ஆன்லைன் கடை', 'கோடிங் தெரியாமல் இணையதளம்'. வேர்ட்பிரஸ் போடு, வூகாமர்ஸ் சேர், நல்ல தீம் வாங்கு, பேமென்ட் கேட்வே இணை, பேஸ்புக்கில் விளம்பரம் கொடு, முடிந்தது. தமிழிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிலவற்றில் சொல்லித் தருகிற விதம் உண்மையிலேயே அருமை.

எங்கள் மல்லாங்கிணறு பட்டாசு ஊர் கிடையாது. விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவில் இருக்கிற பேரூராட்சி. எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனின் ஊர், கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனின் ஊர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடும். ஆனால் இந்த மாவட்டத்தில் எந்த ஊரில் ஒரு பையனோ பொண்ணோ வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டாலும், முதல் வேலை எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்லத் தேவையில்லை. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இங்கேதான் உற்பத்தி ஆகிறது. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் 'தம்பி, அந்தக் கடைக்குச் செஞ்ச மாதிரியே நமக்கும் ஒண்ணு செஞ்சு குடு' என்பார்கள். அந்த 'மாதிரியே'வில் மேலே சொன்ன பொத்தானும் பத்தியும் சேர்ந்தே வந்துவிடும். செய்து கொடுக்கிறவருக்கு அது எதற்கு அங்கே இருக்கிறது என்று கல்லூரித் தாளும் சொல்லியிருக்காது, யூடியூபும் சொல்லியிருக்காது.

குக்கீ எதற்கு வந்தது

இணையக் கடையின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்குத் தீர்வாக வந்தது. அந்தச் சிக்கலைத் தெரிந்துகொண்டால்தான் உறுப்பு புரியும்.

ஒரு உதாரணம். இணையப் பக்கங்களை அனுப்பும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு ஞாபக சக்தி கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது 'நீங்க யாரு?' என்று புதிதாகப் பார்க்கும். கடையில் ஒரு பொருளை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த அலமாரிக்குப் போவதற்குள் கூடை மறைந்துபோனால் எப்படி? 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்ற பொறியாளர், ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் விற்பனைத் தளத்துக்காக இதற்கு ஒரு வழி செய்தார். உலாவியிலேயே ஒரு சின்னத் துண்டுச் சீட்டை எழுதி வைப்பது. அதுதான் குக்கீ. இன்றைக்கு விளம்பரக்காரர்கள் நம்மைத் துரத்துகிற கருவியாக அதை அறிந்திருக்கிறோம். பிறந்தது கடைக்கூடைக்காக.

அதே காலத்தில் அதே நெட்ஸ்கேப்பில் எஸ்.எஸ்.எல். வந்தது. அட்டை எண் போகிற வழியில் திருடு போகாமல் இருக்க அது. ஆர்டர் எண் எதற்கு? நாளைக்கு 'நான் இதைக் கேட்டேன்', 'நீங்க கேட்கல' என்று சண்டை வந்தால் இரண்டு பேருக்கும் பொதுவான சாட்சி வேண்டும். பேமென்ட் கேட்வே எதற்கு? முன்பின் தெரியாத கடைக்காரரிடம் நேரே பணம் போகாமல், நடுவில் ஒருத்தர் நின்று விற்பவர் யார் என்று விசாரித்து வைத்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17ல் வெளியிட்ட பேமென்ட் அக்ரிகேட்டர் விதிமுறைகள் இதைக் கட்டாயமாகவே ஆக்கின. சேர்த்துக்கொள்கிற வியாபாரியின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், வசூலான பணத்தை எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும் என்று. டிராக்கிங் எண் எதற்கு? சரக்கு யார் கையில் இருக்கிறது என்பதற்கு.

கூர்ந்து பார்த்தால் இது எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேருக்கு நடுவில், சொன்ன சொல்லுக்கு எழுத்துச் சாட்சி வைப்பது. மின்வணிகத் தொழில்நுட்பம் என்பது அடிப்படையில் கணக்கெழுதும் தொழில்நுட்பம். படமும் தள்ளுபடிப் பட்டையும் அதன் மேல் பூசிய வண்ணம்.

யூடியூப் பாடங்கள் மேல் எனக்கு இருக்கிற குறை இதுதான். வண்ணத்தைத் தொழிலாகவும், கணக்கை ஒரு பிளக்இன்னாகவும் சொல்லித் தருகின்றன. கல்லூரித் தாள் மேல் இருக்கிற குறை வேறு மாதிரி. அந்த 1996 புத்தகம் விரிவாகப் பேசுகிற மின்னணுத் தரவுப் பரிமாற்றம் என்பது முழுக்க முழுக்க இந்தச் சாட்சிச் சங்கிலிதான்: கொள்முதல் ஆணை, அதற்கு ஒப்புதல், சரக்கு அனுப்பிய அறிவிப்பு, விலைச்சீட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். ஒன்று விட்டுப்போனால் அடுத்தது நகராது. விஷயம் புத்தகத்தில் இருக்கிறது. நாம்தான் அதை 'நன்மைகள் ஐந்து, தீமைகள் நான்கு' என்று ஐந்து மார்க் கேள்வியாக்கிவிட்டோம்.

உறுப்பு உறுப்பாகக் கழற்றிப் பார்ப்போம்

இப்போது சிவகாசிக் கடைப் பக்கத்துக்கு வாங்க.

ஒரே பக்கத்தில் முழு அட்டவணை, பக்கத்திலேயே எண்ணிக்கைக் கட்டம், அடியில் கூட்டுத்தொகை. உண்மையில் இது ரொம்ப புத்திசாலித்தனமான வடிவமைப்பு. பக்கம் விட்டுப் பக்கம் போகவே வேண்டாம் என்பதால் குக்கீகூடத் தேவைப்படாது. உலாவிக்குள் ஓடும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் போதும். பழைய மளிகைக் கடைச் சிட்டையின் அமைப்பு இது. பட்டாசு வாங்குகிறவர் ஒரு பொருள் வாங்க வரவில்லை, முப்பது ஐட்டம் வாங்க வருகிறார், பட்ஜெட் மூவாயிரம் என்று வைத்துக்கொண்டு வருகிறார். அவருக்கு அமேசான் பாணிக் கூடையைவிட இந்தச் சிட்டைதான் வசதி. எந்தப் பாடநூலும் சொல்லித் தராமல் இந்த ஊர் தானாகக் கண்டுபிடித்த வடிவம். இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அடுத்து விலை. ஒரு கோடு போட்டு அடித்த விலை, பக்கத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு. எல்லாக் கடையிலும் எல்லாப் பொருளுக்கும் எல்லா நாளும் 80 சதவீதம் தள்ளுபடி என்றால் அது தள்ளுபடியே இல்லை, அதுதான் விலை. அடித்த விலை வெறும் அலங்காரம். வாங்குகிறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அடிப்படை வேண்டும். அது இங்கே முதலிலேயே போய்விடுகிறது.

அப்புறம் பொத்தான். இதற்கு 2018க்குப் போக வேண்டும். அர்ஜுன் கோபால் வழக்கில் நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு அக்டோபர் 23 அன்று தீர்ப்புச் சொன்னது. சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை மட்டும் வெடிக்கலாம் என்று பல நிபந்தனைகள். நேரம் நமக்கு ஒத்துவராது என்று தமிழ்நாடு கேட்டு, மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கியது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அதே தீர்ப்பில்தான், பட்டாசு விற்பனை உரிமம் பெற்ற வியாபாரிகள் வழியாக மட்டுமே நடக்க வேண்டும், பிளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட எந்த மின்வணிகத் தளமும் ஆன்லைனில் ஆர்டர் ஏற்கவோ விற்கவோ கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்றும் வந்தது.

இதற்கு ஊர் கண்ட பதில்தான் 'விசாரணை அனுப்பு'. ஒப்பந்தம் எந்த நொடியில் பிறக்கிறது என்ற கேள்வியை வைத்து ஆடிய ஆட்டம் இது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும், ஏற்றால்தான் ஒப்பந்தம். சாதாரண இணையக் கடையில் பணம் கட்டி ஆர்டர் உறுதியாகும்போது அது நடந்துவிடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல் 2008 திருத்தம் சேர்த்த 10ஏ பிரிவும், மின்னணு வழியில் பிறந்தது என்பதற்காகவே ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. பட்டாசுக் கடைக்காரர் அந்த ஏற்பை மட்டும் இணையதளத்திலிருந்து கழற்றி டெலிபோனுக்கு மாற்றிவிட்டார். கடை இணையத்தில், விற்பனை போனில்.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் என் வாசிப்பில் இது பாதிதான் நிற்கும். உறுதி செய்வது வாட்ஸ்அப்பில் என்றால் அதுவும் மின்னணுப் பதிவுதானே? சட்டத்துக்கு வெப்சைட் என்ற சொல்லின் மேல் தனிக் கோபம் ஒன்றும் இல்லை. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பெரிய கவலை வேறு.

பொத்தான் மாறியதும் அதோடு சேர்ந்து என்னென்ன விழுந்தன என்று பாருங்கள். பல பேமென்ட் கேட்வே நிறுவனங்களின் தடைப் பட்டியலில் பட்டாசு ஏற்கெனவே இருக்கிறது. ஆக நடுவில் நிற்பவர் இல்லை. பணம் யு.பி.ஐ.யில் நேரே போகிறது. 2016ல் வந்த யு.பி.ஐ. அற்புதமான ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் அது நாமே தள்ளுகிற பணம். தனிநபர் எண்ணுக்குத் தள்ளிவிட்டால் அது பொருளுக்கான விலையா, அண்ணனுக்கு அனுப்பிய செலவா என்று அந்தப் பரிமாற்றத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆர்டர் எண்ணுக்குப் பதில் எஸ்டிமேட் எண். அது எந்த வாக்குறுதியும் இல்லை. தபாலில் பட்டாசு போகாது. ரயிலில் கொண்டுபோனால் 1989 ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவில் தண்டனை. மிச்சம் லாரி. லாரி ஷெட்டுக்கு நாமே போய், வாடகை கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் முதன்முதலாக ஒரு உண்மையான சாட்சிக் காகிதம் வருகிறது: எல்.ஆர். ரசீது. பணம் போய் எத்தனையோ நாள் கழித்து.

இன்னொன்றும் விழுகிறது, அதிகம் பேசப்படாதது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் மின்வணிக விதிகள் வந்தன. இணையத்தில் விற்கிறவர் தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களைத் தளத்தில் போட வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவர் வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'நாங்கள் ஆன்லைனில் விற்பதே இல்லை' என்று எழுதிய கடை, நீதிமன்றத்துக்குப் பதில் சொல்கிற அதே வரியில் வாடிக்கையாளரிடம் 'இந்த உரிமை எதுவும் உனக்குக் கிடையாது' என்றும் சொல்லிவிடுகிறது. அந்தப் பொடி எழுத்துப் பத்தியை நான் ஒரு சாமர்த்தியமான தப்பிப்பாகப் பார்க்காமல் ஒரு மோசமான உரைநடையாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். 'சட்டத்தை மதிக்கிறோம்' என்று தொடங்கி, சட்டம் கொடுத்த பாதுகாப்பை வாசகரிடமிருந்து எடுத்துக்கொண்டு முடிகிறது.

போலிக்கு வேலை மிச்சம்

இதன் விலை யார் தலையில் விடிகிறது?

ஒவ்வொரு தீபாவளிக்கும் போலிப் பட்டாசுத் தளங்களில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் கதை வருகிறது. 2024 தீபாவளிக்கு முன்னால் தமிழ்நாடு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. வழக்கமான அறிவுரைகள் உடனே வரும்: பேராசைப்படாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், பூட்டுச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பூட்டுச் சின்னத்தை முதலில் தீர்த்துவிடுவோம். அது சொல்வது ஒன்றே ஒன்று: உங்கள் உலாவிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அந்தப் பக்கம் இருப்பது திருடனா தர்மராஜாவா என்று அது சொல்லாது. லெட்ஸ் என்க்ரிப்ட் வந்ததிலிருந்து அந்தச் சான்றிதழ் இலவசமாக, சில நிமிடத்தில் யாருக்கும் கிடைக்கிறது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023ல் குரோம் உலாவி அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. நம் பாடக் குறிப்புகளில் மட்டும் இன்னும் பூட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்பதும் நியாயம் இல்லை. நல்ல கடையும் 80 சதவீதத் தள்ளுபடி போடுகிறது, போலியும் போடுகிறது. நல்ல கடையும் வாட்ஸ்அப்பில் பேசி யு.பி.ஐ.யில் பணம் கேட்கிறது, போலியும் கேட்கிறது. அதே அட்டவணை, அதே ராக்கெட் படம், அதே பொடி எழுத்துப் பத்தி. வாங்குகிறவர் எதை வைத்துப் பிரிப்பார்? சாதாரணமாக ஒரு போலிக் கடை எதையாவது போலியாகச் செய்தாக வேண்டும்: போலி ஆர்டர் எண், போலி பில், போலி கேட்வே. அதற்கு உழைப்பு வேண்டும், மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. இங்கே நேர்மையான கடையே இதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டதால் போலிக்குச் செய்ய எதுவும் மிச்சம் இல்லை. பக்கத்தைச் சேமித்து, போன் நம்பரை மாற்றினால் போதும்.

பணம் போட்டு ஏமாந்தவர் 1930க்கு அழைக்கலாம், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறாரோ அவ்வளவு நல்லது. ஆனால் அவர் கையில் காட்டுவதற்கு என்ன இருக்கும் என்று யோசியுங்கள். ஒரு எஸ்டிமேட், தனிநபர் பெயருக்குப் போன பணம், பதில் வராத வாட்ஸ்அப். ஏமாற்றிய கடைக்கும் இழப்புதான் லாபம். நேர்மையாக முப்பது வருஷம் கடை நடத்தியவருக்கோ இழப்பு இரட்டிப்பு. ஊர்ப் பெயரே சந்தேகப் பெயராகிவிடுகிறது.

வாய்ச்சொல் வியாபாரம் என்ற பதில்

இதற்கு இந்தப் பக்கத்தில் ஒரு தயார் பதில் உண்டு. 'விருதுநகர் வியாபாரமே வாய்ச்சொல்லில் நடந்ததுதானே தம்பி. போனில் ஒரு வார்த்தை, லாரி லாரியா துவரையும் வத்தலும் போகும். இதுக்கு ஆர்டர் எண் என்னத்துக்கு?'

மரியாதையான பதில், ஏனென்றால் பாதி உண்மை. பெரிதாக எதுவும் விளையாத ஊர் விலை சொல்லும் ஊராக ஆனது நம்பிக்கையால்தான். பருப்பு, எண்ணெய், மல்லி, வத்தல் என்று விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பத்திரிகையில் வருவதைப் பார்த்துத்தான் வேறு ஊர்க் கடைக்காரர்கள் விலை பேசினார்கள். இணையத்துக்கு முன்னாலேயே தகவலை வைத்து வியாபாரம் செய்த ஊர் இது.

ஆனால் மீதிப் பாதியைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்த வாய்ச்சொல் முன்பின் தெரிந்தவர்களுக்கு நடுவில் சொன்ன சொல். சொல் தவறினால் கேட்க உறவின்முறை இருந்தது, பேட்டை இருந்தது. தவறியவருக்கு அடுத்த நாள் யாரும் சரக்குப் போட மாட்டார்கள். அதோடு, வாயால் பேசியது அன்றைக்கே சிட்டையில் ஏறும், சிட்டையிலிருந்து பேரேட்டுக்குப் போகும். விற்ற சரக்கிலிருந்து மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டிய சமூகத்துக்குக் கணக்கெழுதுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாயும் பேரேடும் சேர்ந்ததுதான் விருதுநகர் வியாபாரம். இன்றைய இணையக் கடை அதில் வாயை மட்டும் எடுத்துக்கொண்டது. எதிரே இருப்பவரோ சேலத்திலோ ஹைதராபாத்திலோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர். அவருக்குப் பேட்டையும் இல்லை, பேரேடும் இல்லை.

நம் வீடுகளில் போடுகிற தீபாவளிப் பட்டாசுச் சீட்டை நினைத்துப் பாருங்கள். மாசா மாசம் பணம் கட்ட ஒரு அட்டை, ஒவ்வொரு தவணைக்கும் கையெழுத்து, அட்டையின் பின்னால் என்னென்ன தருவார்கள் என்ற பட்டியல். தொழில்நுட்பம் என்று பார்த்தால் ஒரு துண்டு அட்டையும் பேனாவும். அதில் இருக்கிற சாட்சிகூட இந்த வெப்சைட்டுகளில் இல்லை.

எதைக் கற்றுக்கொள்ளலாம்

நீதிமன்றத் தடையைக் குறை சொல்லிவிட்டு முடிப்பது சுலபம். தடையின் நோக்கத்தில் நான் குறை காணவில்லை. உரிமம் உள்ளவர் மட்டும் விற்க வேண்டும், அனுமதித்த வெடி மட்டும் விற்க வேண்டும் என்பது சரியான நோக்கம். ஆனால் வியாபாரம் நிற்கவில்லை, பதிவு மட்டும் நின்றுவிட்டது. உரிமம் உள்ளவர் மட்டும் விற்கிறாரா என்று பார்க்க உதவுவதும் அந்தப் பதிவுதான். 2019ல் பசுமைப் பட்டாசு வந்தபோது பெட்டியில் சின்னமும் கியூஆர் குறியும் அச்சிட ஏற்பாடு செய்தார்கள். பெட்டிக்குச் சாட்சி வேண்டும் என்று புரிந்தவர்களுக்கு விற்பனைக்கும் சாட்சி வேண்டும் என்று புரியாமல் போகாது. உரிமம் பெற்ற கடைகளுக்கு மட்டும் பதிவோடு கூடிய ஒரு வழி கொடுப்பதா, அல்லது முழுக்க நிறுத்துவதா என்று அரசும் நீதிமன்றமும்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போது இருப்பது இரண்டும் கெட்டான்.

அதுவரைக்கும் கடைக்காரர் சும்மா இருக்கத் தேவையில்லை. போனில் உறுதி செய்வதாகவே இருக்கட்டும். உரிம எண்ணைத் தளத்தில் போடலாம். கடைப் பெயரில் இருக்கிற வங்கிக் கணக்கில் மட்டும் பணம் வாங்கலாம். பேசி முடித்த அன்றே ஜி.எஸ்.டி. பில் அனுப்பலாம். சரக்கு ஏறியதும் எல்.ஆர். எண்ணைப் படம் எடுத்து அனுப்பலாம். இதில் எதையும் எந்த உத்தரவும் தடுக்கவில்லை. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற கடைகளும் உண்டு. அவர்களைக் கேட்டால் சொல்வார்கள், வருஷா வருஷம் திரும்பி வருகிற வாடிக்கையாளர் எதனால் வருகிறார் என்று.

வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். கோடிங் எழுதுவதற்கு முன்னால் எந்த இணையக் கடையையும் எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. விற்கிறவர் யார் என்று இந்தப் பக்கம் எங்கே எழுதியிருக்கிறது? பெயர், முகவரி, உரிமம்.
2. என்ன விலைக்கு என்ன பொருள் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டது எந்த நொடியில், எங்கே பதிவாகிறது?
3. பணம் யார் பெயருக்குப் போகிறது? நடுவில் யாராவது நிற்கிறார்களா?
4. சரக்கு கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் என்ன காகிதம் பிறக்கிறது?
5. தகராறு வந்தால் வாங்கியவர் கையில் இருப்பது என்ன?

இந்த ஐந்துக்கும் பதில் தருகிற அமைப்பை ஒரு எக்செல் தாளிலும் வாட்ஸ்அப்பிலும்கூடக் கட்டிவிடலாம். பதில் தராத அமைப்பை எவ்வளவு விலை உயர்ந்த தீமில் கட்டினாலும் அது நோட்டீஸ் பலகைதான்.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். சில மாதம் அங்கேயே தங்கித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பிறகுதான் இங்கே தீப்பெட்டி வந்தது, அதன் பின்னால் பட்டாசும் அச்சகமும் வந்தன. லேபிளைப் பார்த்து லேபிள் ஒட்டக் கற்றுக்கொண்டு வந்திருந்தால் சிவகாசி என்று ஒன்று இருந்திருக்காது. இணைய வியாபாரத்தில் நாம் இன்னும் லேபிள் ஒட்டும் நிலையில்தான் இருக்கிறோம். அடுத்த தடவை யாராவது 'அந்தக் கடைக்குச் செஞ்ச மாதிரியே' என்று கேட்டு வந்தால், செய்து கொடுங்கள், தொழில்தானே. ஆனால் அந்தப் பொடி எழுத்துப் பத்தியை நகல் எடுப்பதற்கு முன்னால் 'அண்ணாச்சி, பில் எப்பக் குடுப்பீங்க, யார் பேர்ல பணம் வாங்குவீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மின்வணிகம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.